ஓட்டிப் பார்க்க ஒரு திடல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை மாதக் கடைசியில் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. நம் பகுதிப் பொறியியல் மாணவர்கள் செய்த ஓட்டுநர் இல்லாத வண்டி, வெளிமாநிலப் போட்டியின் இறுதிச் சுற்றில் பாதி வழியில் நின்றுவிட்டது என்று. செய்தியில் தவறு ஏதும் இல்லை, நின்றது உண்மைதான். ஆனால் அந்த வண்டி எட்டு மாதம் என் பட்டறையில் இருந்தது. அதன் செயின், பிரேக், ஸ்டீயரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கிற டை ராட் எல்லாம் என் கை பட்டவை. ஏன் நின்றது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் நம் பக்கத்தில் ஒரு காரியம் நடக்க வழி பிறக்கும் என்று நம்பி எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரத்தநாட்டில் டிராக்டர், பவர் டில்லர், பம்புசெட் எஞ்சின் வேலை பார்ப்பவன். 31 வருடமாக இதே தொழில். போன வைகாசியில் ஒரு குட்டியானை வண்டியில் பழைய பக்கி ஒன்றை ஏற்றிக்கொண்டு 9 பேர் வந்து இறங்கினார்கள். மூத்த மாணவர்கள் எப்போதோ பந்தயத்துக்காகக் குழாய் வளைத்துச் செய்த வண்டி அது. 10 குதிரைத்திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் பெட்ரோல் எஞ்சின், ஒற்றை சிலிண்டர். ஓட்டுபவர் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்திருந்தார்கள். “ஒரு பிராக்கெட் மட்டும் வெல்டிங் வச்சுக் குடுங்க மாமா” என்றுதான் கேட்டார்கள். அந்த பிராக்கெட் வேலை எட்டு மாதம் நீண்டது.

முதல் மாதம் முழுக்க ஸ்டீயரிங்தான். ஸ்டீயரிங் தண்டில் ஒரு பல்சக்கரம், அதை ஒரு மோட்டார் செயின் வழியாகத் திருப்பும். ஜிபிஎஸ் சொல்கிற கோட்டில் வண்டி நேராகப் போக வேண்டும். போகவில்லை. சாரைப்பாம்பு மாதிரி இடமும் வலமும் நெளிந்து நெளிந்து போனது. பிள்ளைகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு எண்ணைக் கூட்டினால் நெளிவு அதிகமாகிறது, குறைத்தால் வளைவில் திரும்பாமல் நேரே போய்விடுகிறது. நாலாம் நாள் நான் குனிந்து முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். லொடலொடவென்று ஆடியது. டை ராட் எண்டு தேய்ந்து போயிருந்தது, செயினிலும் தொய்வு. மோட்டார் திரும்பத் தொடங்கியபிறகு அந்தத் தளர்ச்சி எல்லாம் தீர்ந்து சக்கரம் அசையக் கொஞ்சம் நேரமாகிறது. அதற்குள் கம்ப்யூட்டர், சக்கரம் திரும்பவில்லை என்று நினைத்து இன்னும் திருப்பச் சொல்லிவிடுகிறது. அதுதான் நெளிவு. டை ராட் எண்டு இரண்டையும் மாற்றி, செயினுக்கு ஒரு டென்ஷனர் போட்டதும் அன்று சாயங்காலமே வண்டி கோடு பிடித்தது. அந்தக் குழுவில் திருத்துறைப்பூண்டிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், விவசாயி வீட்டுப் பிள்ளை. அன்றிலிருந்து எந்தக் கோளாறு என்றாலும் கம்ப்யூட்டர் புரோகிராமைத் திறப்பதற்கு முன் வண்டியை ஒரு முறை கையால் ஆட்டிப் பார்ப்பது அவள் பழக்கமாகிவிட்டது.

அதிர்வும் பெரிய எதிரி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நடுக்கத்தில் கம்ப்யூட்டர் ஒயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பெட்டியைப் பவர் டில்லர் எஞ்சின் மவுண்டிங் ரப்பரின் மேல் உட்கார வைத்தோம். லாரிக்கு ஒயரிங் செய்கிறபோது ஒவ்வொரு முனைக்கும் ஒரு லூப் விட்டுக் கட்டுவோம் இல்லையா, அதே மாதிரி இதற்கும் கட்டினோம். அப்புறம் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஒரே ஒரு ஒயர் மட்டும் பின்னால் பழி வாங்கியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, பட்டறைக்குள் செய்ய வேண்டியதை எல்லாம் ஆவணிக்குள் முடித்துவிட்டோம். சிக்கல் அதற்கப்புறம்தான். ஓட்டிப் பார்க்க இடம் இல்லை.

கல்லூரி மைதானத்தில் அனுமதி கிடைக்கவில்லை. யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது, நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இது விளையாட்டா, விவசாயமா, கல்வியா என்று கேட்டார்கள். எந்தப் பிரிவிலும் அடங்காமல் மனு திரும்பி வந்தது. புது ஆற்றுக் கரையில் ஓட்டலாம் என்று ஒரு பையன் சொன்னான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற கரை அது, நானே கூடாது என்று சொல்லிவிட்டேன். வயல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா நடவும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. போட்டியோ தையில். காய்ந்த தரை தேவைப்படுகிற மாதங்களில்தான் டெல்டாவில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இருந்திருக்காது.

கடைசியில் பட்டுக்கோட்டை சாலையில் என் மச்சான் நிலம் 3 ஏக்கர் கிடைத்தது. ஒரு காலத்தில் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் 200க்கு மேல் இருந்த மரங்களில் 11தான் நின்றன. மறுபடி தென்னை வைக்க மச்சானுக்கு மனசு வரவில்லை. மேட்டு நிலம், மணல் கலந்த செம்மண், மழை விட்ட இரண்டாம் நாளே காய்ந்துவிடும். மரம் இல்லாததால் ஜிபிஎஸ்ஸுக்கு வானம் திறந்து கிடந்தது. என் மச்சான் ஓரமாக நின்று வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டு, “காய்ச்சுக்கிட்டிருந்த மரமெல்லாம் போன எடம், இதுக்காவது ஆகட்டும்” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த நிலத்தில் வேரோடு சாய்ந்த மரங்களின் குழிகள் பாதி மூடியும் மூடாமலும் கிடந்தன. அங்கேதான் இந்தத் தொழிலின் உண்மையான கஷ்டத்தை நான் கற்றுக்கொண்டேன். வண்டியின் உச்சியில் லைடார் என்று ஒரு கருவி சுற்றும். லேசர் ஒளியை அனுப்பி, பட்டுத் திரும்பி வருகிற நேரத்தைக் கணக்கிட்டு, எதிரே என்ன எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். மரம், சுவர், ஆள், மாடு எல்லாம் நன்றாகத் தெரியும். பள்ளம் தெரியாது. இருட்டில் டார்ச் அடித்து வரப்பில் நடந்தவர்களுக்கு இது புரியும். எதிரே இருக்கிற மேடு பத்தடிக்கு முன்னாலேயே கண்ணில் படும். குழி மட்டும் காலடிக்கு வந்த பிறகுதான் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் குழிக்கு மேலாகப் போய் அந்தப் பக்கத்துத் தரையில் விழுகிறது. லேசருக்கும் அதே கதிதான். எங்கள் வண்டிக்குத் தென்னங்குழி 6 மீட்டருக்கு உள்ளே வந்தால்தான் தெரிந்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். பார்த்து, யோசித்து, பிரேக் பிடிப்பதற்குள் முன்சக்கரம் குழிக்குள். இரண்டு முறை அப்படி விழுந்து முன்பக்கக் குழாயை நிமிர்த்தினேன். பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள்.

மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றால் இன்னும் மோசம். சாய்வாக விழுகிற லேசர் தண்ணீரில் வழுக்கி அப்பால் போய்விடும், திரும்பி வராது. ஒளி திரும்பாத இடம் எல்லாம் பள்ளம் என்று திருத்துறைப்பூண்டிப் பெண் புரோகிராம் எழுதினாள். பாதுகாப்பான முடிவு. ஆனால் கார்த்திகையில் நாலு அடிக்கு ஒரு குட்டை. வண்டி ஒவ்வொரு குட்டைக்கும் நின்றது. கேமராவைக் கொண்டு சேறு எது, நடக்கத்தக்க தரை எது என்று நிறத்தை வைத்துப் பிரிக்கப் பழக்கினார்கள். பழக்க வேண்டுமானால் வகைவகையான தரையில் ஓட்டிப் படம் எடுக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு தோப்புத் தரை.

இனி அந்த ஒயரைப் பற்றி. கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிறு. வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது, பேட்டரி ஒயர் கழன்றிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைப் பிடித்திருந்த மோட்டார் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நின்றுவிட்டது. பிரேக்கை அழுத்துவதும் ஒரு மோட்டார்தான், அதற்கும் கரண்ட் இல்லை. கையில் இருந்த ரிமோட்டை அமுக்கிப் பயனில்லை. வண்டி 40 மீட்டர் ஓடி அடுத்த கொல்லையின் வைக்கோல் போரில் முட்டி நின்றது. போருக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வண்டிக்கும் இடையே பத்தடி இருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டோம்.

அதற்கப்புறம் பிரேக்கை மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்க நான் சம்மதிக்கவில்லை. லாரி ஹேண்ட்பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குக் காட்டினேன். அதில் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங். காற்றழுத்தம் அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிறது. காற்றுக் குழாய் வெடித்துக் காற்றுப் போனால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதே முறையில் எங்கள் வண்டிக்கும் ஒரு கனமான ஸ்பிரிங் வைத்து, கரண்ட் இருந்தால்தான் பிரேக் விடும்படி செய்தோம். கரண்ட் போனாலும், ரிமோட் சிக்னல் அறுந்தாலும், யாராவது பின்னால் இருக்கிற சிவப்புப் பொத்தானைத் தட்டினாலும் எஞ்சின் அணைந்து ஸ்பிரிங் பிடித்துவிடும். ஐம்பது முறை ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தோம். போட்டியில் பரிசோதகர்கள் முதலில் பார்த்தது இதைத்தான், ஒரே தடவையில் தேர்ச்சி. அந்த வண்டியில் எனக்கு மிகவும் பெருமையான பாகம் எது என்று கேட்டால் அந்த ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் பயந்துவிட்டார்கள். வேலி இல்லாத இடத்தில் இந்த வண்டி கூடாது என்றார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். மார்கழியில் இரண்டே நாள், அதிகாலையில், நாலு பக்கமும் ஆள் நிறுத்தி ஓட்டினோம். என்னிடம் பட்டறை வேலை நோட்டு இருக்கிறது, எல்லாவற்றையும் குறித்து வைப்பேன். எட்டு மாதத்தில் வண்டி தரையில் ஓடிய நாட்கள் 14. ஓடிய நேரம் மொத்தம் 19 மணி.

இப்போது போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். குழி வந்தது, கண்டுபிடித்து ஒதுங்கிப் போனது. சரிவில் ஏறியது. வளைவுகளில் கோடு மாறவில்லை. பாதி தூரம் தாண்டியதும் பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். ஒரு மாட்டு வண்டி சாதாரணமாக மிதித்துக்கொண்டு போகிற புல். லைடாருக்கு அது சுவராகத் தெரிந்தது. வண்டி நின்றது, இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, எங்கும் புல், அப்படியே நேரம் முடியும்வரை நின்றது. மோதவில்லை, கவிழவில்லை, வழி தெரியாமல் நின்றது. புல்லுக்கும் சுவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்பதில்லை. சுவரில் பட்ட ஒளி ஒரே தூரத்திலிருந்து திரும்பும். புல்லில் சில கதிர்கள் முன்னால் பட்டும் சில இடைவெளியில் நுழைந்து பின்னால் பட்டும் சிதறி வரும். அந்தச் சிதறலைப் பார்த்து இது புல் என்று சொல்லலாம். திரும்பி வந்த மறுநாளே அந்தப் பெண் எனக்கு அதைத் தாளில் வரைந்து காட்டினாள். ஆனால் மச்சான் நிலத்தில் பாம்புக்குப் பயந்து நான்தான் புல்லை எல்லாம் ஆள் வைத்து அறுத்து வைத்திருந்தேன். அவர்கள் புல்லில் ஓட்டியதே இல்லை.

நின்றுபோன வண்டிகளைப் பற்றிப் பட்டறையில் பிள்ளைகள் ஒரு கதை சொல்வார்கள். 2004 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பா இப்படி ஒரு பந்தயம் வைத்தது. 142 மைல், அதாவது 229 கிலோமீட்டர் பாதை, 10 லட்சம் டாலர் பரிசு. 15 வண்டிகள் இறுதிப் பந்தயத்துக்குத் தேர்வாயின. ஒன்றுகூட முடிக்கவில்லை. அதிகம் போனது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சாண்ட்ஸ்டார்ம், 1986 மாடல் ராணுவ ஹம்வீ வண்டி. 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி, ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதையை விட்டு விலகி மாட்டிக்கொண்டது. பரிசை யாருக்கும் கொடுக்காமல் அடுத்த வருடத்துக்கு இரட்டிப்பாக்கினார்கள். 2005 அக்டோபர் 8ஆம் தேதி தொடங்கிய பந்தயத்தில் 212 கிலோமீட்டர் பாதையை 5 வண்டிகள் முழுதாக முடித்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி 6 மணி 53 நிமிடத்தில் முதலாவது. முந்தின வருடம் வளைவில் மாட்டிய அதே சாண்ட்ஸ்டார்ம் சுமார் 11 நிமிடம் பின்னால் இரண்டாவது. 

மூன்றாவதாக வந்த ஹைலேண்டரும் கார்னகி மெலன் வண்டிதான். முன்னால் போய்க்கொண்டிருந்த அது நடுவழியில் எஞ்சின் இழுவை குறைந்து பின்தங்கியது. காரணம் 12 வருடம் யாருக்கும் தெரியவில்லை. 2017இல்தான், எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் எரிபொருள் இஞ்செக்டருக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஃபில்டரை அழுத்தினால் எஞ்சின் அடங்குகிறது என்று கண்டார்களாம். ஒரு மெக்கானிக்காக இதைக் கேட்டபோது என் மேல் மயிர் சிலிர்த்தது. அவ்வளவு படித்தவர்கள் வண்டியையும் ஒரு சின்ன மின்சார உருப்படி நிறுத்தியிருக்கிறது. எங்கள் வண்டி நின்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

அந்த ஒன்றரை வருட இடைவெளியில் அவர்கள் வண்டியைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் ஓட்டினார்கள், கவிழ்த்தார்கள், சரி செய்து மறுபடி ஓட்டினார்கள். என் பிள்ளைகளுக்கு இருந்தது 19 மணி நேரம்.

அதனால் என் கோரிக்கை இதுதான். டெல்டா மாவட்டங்களில் ஏதாவது ஓர் இடத்தில், வேலி போட்ட 5 ஏக்கர் மேட்டு நிலம் மாணவர்களுக்கு வேண்டும். புதிதாக வாங்க வேண்டாம். எங்கள் பக்கம் கால்நடைப் பண்ணை, விதைப் பண்ணை என்று அரசு நிலம் பரந்து கிடக்கிறது. அதில் ஒரு மூலையை ஒதுக்கலாம். ஐப்பசி முதல் தை வரை தண்ணீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும், அது முக்கியம். ஒரு ஓரத்தில் புல்லை அறுக்காமல் விட வேண்டும். ஒரு ஓரத்தில் குழி, வரப்பு, ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வைக்க வேண்டும். களிமண் இரண்டு லோடு வெண்ணாற்றுப் பக்கத்திலிருந்து கொண்டு வந்து கொட்டினால் சேற்றுக்கும் ஆயிற்று. உள்ளே வருகிற வண்டி எதுவாக இருந்தாலும் கரண்ட் போனால் பிரேக் பிடிக்கிறதா என்று வாசலிலேயே சோதித்துவிட்டுத்தான் விட வேண்டும். அந்தச் சோதனையைச் சம்பளம் இல்லாமல் நான் செய்து தருகிறேன். யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இதுவே என் பதில்.

நெல் விளைகிற பூமியில் இந்த வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அறுவடைக்கு மெஷின் ஓட்டுகிற ஆள் வெளியூரிலிருந்து வர நாம் காத்துக் கிடக்கிறோம். மருந்து அடிக்க ஆள் இல்லை. சேற்றில், வரப்பில், மாடு குறுக்கே வருகிற இடத்தில் தானாக ஓடக்கூடிய வண்டியை யார் செய்யப் போகிறார்கள்? இந்த மண்ணைத் தெரிந்த பிள்ளைகள் செய்தால்தான் அது நம் வயலில் இறங்கும். திருத்துறைப்பூண்டிப் பெண் இப்போதே அவள் அப்பாவின் வயலில் வரப்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது, மடை எங்கே திறக்கிறது என்று அளந்து வைத்திருக்கிறாள்.

வண்டி இப்போது என் பட்டறையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அடுத்த தைக்கு மறுபடி போகிறார்கள். ஜூன் 12 வழக்கப்படி மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எல்லோரும் வயலில் இறங்கிவிடுவார்கள், கூட நிற்க ஆள் கிடைக்காது. அதற்குள் முடிந்த மட்டும் ஓட்ட வேண்டும். மச்சான் நிலத்துக்கு மூன்று பக்கம் கம்பி வேலி போட்டாயிற்று, நாலாவது பக்கம் இந்த மாதம் முடியும். இந்த முறை புல்லை அறுக்கவில்லை.

உங்கள் நிருபர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு அனுப்பி வையுங்கள். பட்டறைக்கு வந்தால் நானே வண்டியில் கூட்டிப் போகிறேன். ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், தோப்பில் நெருஞ்சி அதிகம்.

இப்படிக்கு,
டிராக்டர் மெக்கானிக் ஒருவர்,
ஒரத்தநாடு, தஞ்சாவூர் மாவட்டம்